வில்சன் நோய்: நல்லா இருக்கிற தங்கச்சிக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

முதுநகர் அண்ணன்:
வணக்கம். எங்களுக்குக் கடலூர் முதுநகர். தம்பிக்கு 17 வயசு. மணிமணியா எழுதுவான், போன வருஷம் கையெழுத்து கோணிக்கிட்டே போச்சு. சாதத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி சட்டையில கொட்டும். பேச்சு குழறி, எச்சில் வழிய ஆரம்பிச்சது. மந்திரிச்சோம், கயிறு கட்டினோம். கடைசியா ஜிப்மர்ல கண்ணைப் பார்த்து, கருவிழி ஓரத்துல பழுப்பு வளையம் இருக்கு, வில்சன் நோய்னாங்க. மாத்திரை ஓடுது. எங்கப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இப்போ 12 வயசுத் தங்கச்சிக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. "ஓடியாடுற பிள்ளைய ஏன் நோயாளியாக்கணும்"னு அம்மா அழுவுறாங்க.

லாஸ்பேட்டை அம்மா:
தம்பி, தள்ளிப்போடாம கூட்டிட்டுப் போங்க. ஏடிபி7பி ஜீன்ல அப்பாகிட்ட ஒரு பழுது, அம்மாகிட்ட ஒரு பழுது. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டும் ஒரே பிள்ளைக்கு வந்தா, கல்லீரலால செம்பை வெளியே தள்ள முடியாது. அது மூளையில போய்ப் படியுது. கூடப் பிறந்த ஒவ்வொருத்தருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

என் மகளுக்குத் தெரிஞ்ச கையோட சின்னவனுக்கும் பார்த்தோம். இருந்தது. கை நடுங்குறதுக்கு முன்னாடியே சிங்க் மாத்திரை ஆரம்பிச்சாங்க. இப்போ காலேஜ்ல வாலிபால் ஆடுறான். அக்காவுக்குப் பேச்சு இன்னும் முழுசா திரும்பல. மூளையைத் தாக்குற ஹன்டிங்டன் மாதிரி பரம்பரை நோய்ங்களைத் தடுத்து நிறுத்த மருந்தே இல்ல. இதுக்கு இருக்கு தம்பி. அம்மாகிட்ட அதைச் சொல்லுங்க.

தம்பிக்குக் கொடுக்கிறது, செம்பை யூரின் வழியா வெளியேத்துற பெனிசிலமைனா? வெறும் வயித்துலதான் போடணும். ஆரம்பத்துல சிலருக்கு நடுக்கம் கூடும். உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. ஆயுசு முழுக்க மருந்து சாப்பிடணும். செப்புக் குடத்துத் தண்ணி, ஈரல், நண்டு, பண்ருட்டி முந்திரி எல்லாம் ஒதுக்குங்க.

நெல்லிக்குப்பம் லேப்:
தங்கச்சிக்கு ரத்தத்துல செருலோபிளாஸ்மின், அதாவது செம்பைச் சுமக்கிற புரதம், எவ்வளவு இருக்குன்னு பார்ப்பாங்க, கண்ணும் பார்ப்பாங்க. செருலோபிளாஸ்மின் நார்மல்னு வந்தாலும் அதோட விட்டுடாதீங்க, சிலருக்கு அப்படியும் வரும். தம்பியோட ஜீன் டெஸ்ட்ல பழுது எதுன்னு தெரிஞ்சிருந்தா, அதையே இவளுக்கும் தேடச் சொல்லுங்க, சந்தேகமே இருக்காது. செம்பு எவ்வளவு வெளியே போகுதுன்னு பார்க்க 24 மணி நேர யூரின் கேட்டா லேப்ல கொடுக்கிற கேன்லதான் பிடிக்கணும். காலையில முதல் தடவை போறதைக் கொட்டிட்டு, அப்புறம் மறுநாள் காலை முதல் தடவை வரைக்கும் ஒரு சொட்டு விடாம சேர்க்கணும்.

முதுநகர் அண்ணன்:
ரொம்ப நன்றிக்கா, நன்றி சார். வாலிபால் ஆடுறான்னு படிச்சுக் காட்டினதும் அம்மா சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஸ்கூல் லீவு, அன்னைக்கே யூரின் பிடிச்சுடுறோம்.