ரெட்லைனிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஞாயிறு இரவுக்குள் வேண்டும்

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டுமலர் ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது. எங்களிடம் படித்து வளர்ந்த பெண் ஒருத்தி இப்போது கல்லூரியில் சமூகவியல் மூன்றாம் ஆண்டு. டெட்ராய்டில் எட்டு மைல் சாலையை ஒட்டி நிற்கும் சுவரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறாள். அதன் சுருக்கத்தை மலரில் போடலாமா என்று அவளாகவே கேட்டாள். தமிழாக்கும் பொறுப்பு என் தலையில். பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பின்னணி இது. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களுக்காக அமெரிக்க அரசு 1933-இல் ஒரு கழகம் தொடங்கியது. 'வீட்டுடைமையாளர் கடன் கழகம்' என்று எழுதியிருக்கிறேன். 1935-க்கும் 1940-க்கும் இடையில் அது இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தரம், ஒரு நிறம்: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. 1934-இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் அமைப்பு, அதுவும் இப்படிப்பட்ட வட்டாரங்களைத் தள்ளியே வைத்தது. கேட்பவரின் சம்பளம், நாணயம் எதையும் பார்க்காமல் அவர் குடியிருக்கும் இடத்தைப் பார்த்துக் கடன் மறுப்பதற்குத்தான் ரெட்லைனிங் என்று பெயர்.

கட்டுரை முழுக்க இந்தச் சொல் வருகிறது. ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத முடியாது. படிக்கப் போகிறவர்கள் இங்குள்ள பெற்றோர், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள். அதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கதிர் எழுதியது:

சிவப்புக்கோடு போடுதல். முடிந்தது. அடுத்த சொல்?

புலவர் இளவழகன் எழுதியது:

தம்பி கதிருக்கு எதிலும் அவசரம். அது சொல் அன்று, வாக்கியத்தில் பாதி.

செம்மை + கோடு = செங்கோடு. இடுதல் சேர்ந்தால் செங்கோடிடல். அடிக்கோடிடல் என்று எல்லாரும் எழுதுகிறோமே, அதே வாய்பாடு. செங்கோடிட்ட வங்கி, செங்கோடிடப்பட்ட வட்டாரம் என்று எச்சமாகவும் செயப்பாட்டிலும் தடையின்றி வரும்.

இதில் இன்னொரு நயம். கோடு என்பது வரி மட்டுமா? கோடுதல் என்றால் வளைதல், நடுவுநிலை பிறழ்தல். 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி'. துலாக்கோல் போல் நின்றிருக்க வேண்டிய அரசு ஒருபால் கோடியது. அந்த அநீதி நம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இது உண்டா?

கதிர் எழுதியது:

ஐயா, எனக்குச் செங்கோடு என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள்தான் கண்முன் வருகின்றன. மலர் படிக்கிற தாத்தா திருச்செங்கோட்டுக்காரராக இருந்துவிட்டால் கதை கந்தல்.

புலவர் இளவழகன் எழுதியது:

அங்கே கோடு மலைமுகடு. சிலம்பின் குன்றக்குரவையிலேயே 'சீர்கெழு செந்திலும் செங்கோடும் வெண்குன்றும்' என்று வருகிறது. யானைக்கொம்பும் கோடு, மரக்கிளையும் கோடு, ஏரிக்கரையும் கோடு. இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழ் படிக்கிறவன் கடமை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டுமென்றால் பாதி அகராதியை எரிக்க வேண்டியிருக்கும்.

யோகநாதன் எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து வணக்கம்.

புலவர் ஐயாவின் குறளுக்கு நானும் ஒரு குறளோடு வருகிறேன். 'வேலன்று வென்றி தருவது மன்னவன் கோலதூஉங் கோடா தெனின்'. இது எந்த அதிகாரம்? செங்கோன்மை. அங்கே 'செம்' என்பது சிவப்பு அல்ல, நேர்மை. செங்கோல் நேரான கோல் என்றால் செங்கோடு நேரான கோடு ஆகாதா? ஐயா சொல்கிற கோணல் 'கோடு' என்ற பாதியில் இருக்கிறது, அதற்கு நேர் எதிரான பொருள் 'செம்' என்ற பாதியில் இருக்கிறது. அநியாயத்துக்கு வைக்கும் பெயரில் நியாயத்தின் மணம் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புறமொதுக்கல் என்று வைத்தால் என்ன?

கதிர் எழுதியது:

புறமொதுக்கல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாததுகூடப் புறமொதுக்கல்தான். கடன் எங்கே, வங்கி எங்கே?

ரங்கராஜன் எழுதியது:

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் நுழைகிறேன். இங்கே இந்தியாவில் இதற்குப் பேச்சுவழக்கில் ஒரு பெயர் இருக்கவே இருக்கிறது: 'நெகட்டிவ் ஏரியா'. தனிநபர் கடன், வண்டிக்கடன் விற்கிற பையன்களைக் கேளுங்கள். சில தெருக்களின் பெயரைச் சொன்னதுமே 'அது நெகட்டிவ் ஏரியா சார், ஃபைல் மேலே போகாது' என்பார்கள். வரைபடம் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. எல்லாம் வாய்வழிதான்.

நான் சொல்ல வருவது, சொல்லில் நிறமும் வேண்டாம், கோடும் வேண்டாம். நடக்கிற செயலைச் சொன்னால் போதும். அமெரிக்காவில் 1975-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, எந்த வட்டாரத்தில் எவ்வளவு வீட்டுக்கடன் கொடுத்தோம் என்று வங்கிகளையே வெளியிட வைத்தார்கள். அந்தக் கணக்கில் யாரும் கோட்டைத் தேடவில்லை. கடன் போனதா இல்லையா, அதைத்தான் பார்த்தார்கள். ஆகவே 'கடன்விலக்கு'. ஊர்விலக்கு எல்லாருக்கும் தெரிந்த சொல். அந்தச் சாயலும் கூடவே வரும்.

கதிர் எழுதியது:

வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். கடன்விலக்கு என்றால்? தலைப்பைப் பார்த்ததும் தாத்தாக்கள் 'எப்போது அறிவித்தார்கள், நகைக்கடனும் உண்டா' என்று கேட்பார்கள்.

ரங்கராஜன் எழுதியது:

அட, உண்மைதான். அப்படியானால் 'கடன் ஒதுக்கல்'?

யோகநாதன் எழுதியது:

அதற்கும் அதே நோய். நிதி ஒதுக்கினார்கள் என்றால் கொடுத்தார்கள், ஆளை ஒதுக்கினார்கள் என்றால் தள்ளிவைத்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு எவ்வளவு போராட்டம் நடந்த மொழி இது! 'கடன் ஒதுக்கப்பட்ட வட்டாரம்' என்று எழுதினால் பணம் மூட்டை மூட்டையாய்ப் போய் இறங்கிய இடம் என்றுதான் படிப்பார்கள். என் புறமொதுக்கலில் 'புறம்' எதற்காக நிற்கிறது என்று இப்போது புரிகிறதா?

தமிழ்ச்செல்வி எழுதியது:

நீங்கள் எல்லாரும் ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்று தெரியவில்லை. இடத்தை வைத்து மனிதரைத் தள்ளிவைப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. தீண்டாமை. கட்டுரையே ஒரு சுவரைப் பற்றியது என்கிறார் மீனாட்சி அக்கா. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு இடித்தது. அந்தச் சுவரை நாம் என்னவென்று சொன்னோம்? தீண்டாமைச் சுவர். அப்போது யாரும் அகராதி புரட்டவில்லை. இங்கே 'கடன் தீண்டாமை' என்று வைத்தால் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு அடுத்த வரி விளக்கமே தேவைப்படாது.

புலவர் இளவழகன் எழுதியது:

அம்மா சொல்வதில் உணர்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிறமும் சாதியும் ஒன்றாகுமா? ஒன்றின் சொல்லை மற்றதன் மேல் போர்த்தினால் இரண்டும் மங்கிவிடும்.

சேரி என்ற சொல்லையே பாருங்கள். பழந்தமிழில் சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில், வரி கொள்ளாத நிலங்களைக் கழிக்கும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று வகை பிரித்து வெட்டியிருக்கிறார்கள். தீண்டாச்சேரியும் வருகிறது. நிலத்தை அளந்து, அதில் வாழ்பவரை வைத்துப் பெயரிட்டு, அரசுப் பதிவில் ஏற்றுவது ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

ஐயா, என் வாதத்துக்கு நீங்களே சான்று எடுத்துக் கொடுத்துவிட்டு 'ஆனால்' என்கிறீர்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது புதிதும் இல்லை. ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அனுப்பும் மனுவின் படி வேண்டும் என்று 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அதில் குறிப்பிட்டார். அவருக்கு வராத தயக்கம் நமக்கு ஏன்?

கதிர் எழுதியது:

சின்னச் சந்தேகம். கறுப்பா, கருப்பா? மீனாட்சி அக்கா மடலில் ற போட்டிருக்கிறார். பிழைதிருத்தி இரண்டையும் விட்டுவிடுகிறது.

(இந்தக் கேள்விக்கு மட்டும் பதினோரு மடல்கள் வந்தன. தொகுப்பில் புலவருடையதும் யோகநாதனுடையதும் போதும் என்று விட்டிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

புலவர் இளவழகன் எழுதியது:

'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்பது தொல்காப்பியம், உரியியல். கறுப்பு, சிவப்பு இரண்டுமே முதலில் சினத்தைக் குறித்தவை. நிறத்தையும் உணர்த்தும் என்று அடுத்த நூற்பாதான் சொல்கிறது. ஆகவே வல்லினமே சரி. பாருங்கள், கறுப்பு மக்களின் வட்டாரத்தில் சிவப்பு மை. இரண்டும் வெகுளி. இத்தனைக்குப் பிறகும் செங்கோடிடலில் குறை காண்பீர்களா?

யோகநாதன் எழுதியது:

ற-வுக்கு என் வாக்கு. எங்கள் ஊரில் எப்போதும் ற தான்.

மீனாட்சி எழுதியது:

இன்று சனி. படித்துக்கொண்டே வந்தேன், பாதி மடல்களை மாணவிக்கு ஃபோனில் வாசித்தும் காட்டினேன். திருச்செங்கோட்டைக் கூகுள் மேப்பில் தேடிப் பார்த்துவிட்டாள்.

அவள் சொன்னதை இங்கே வைக்கிறேன், விவாதம் கொஞ்சம் திசை மாறலாம். முதலாவது, ரெட்லைனிங் என்ற சொல் அந்த வரைபடங்களிலிருந்து வந்ததே இல்லையாம். 1960-களில் சிகாகோவில் வங்கிகளோடு மோதிய வட்டாரச் செயல்பாட்டாளர்களிடம் அது பிறந்திருக்கிறது. கடன் கழகத்தின் வரைபடங்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. கென்னத் ஜாக்சன் என்ற வரலாற்றாசிரியர் 1980 வாக்கில் எழுதிய பிறகுதான் அவை பரவலாகத் தெரியவந்தன. அவற்றில் சிவப்புக் கோட்டை விட, வட்டாரம் முழுவதும் பூசிய சிவப்புதான் கண்ணில் படும். அந்த வரைபடங்கள் கடன் மறுப்புக்கு எவ்வளவு தூரம் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடம் போடும் முன்பே கொடுத்து முடித்துவிட்டது என்பது ஒரு தரப்பின் வாதம்.

இரண்டாவது, சுவர். ஆறடி உயரம், அரை மைல் நீளம், 1941-இல் கட்டியது. கறுப்பர் குடியிருப்பை ஒட்டிய மனையில் வெள்ளையருக்கு வீடு கட்ட ஒரு கட்டுமானக்காரர் வந்தார். அந்தக் குடியிருப்பு பக்கத்தில் இருப்பதால் உத்தரவாதம் தர முடியாது என்றது வீட்டுவசதி நிர்வாகம். நடுவில் சுவர் எழுப்பினார், உத்தரவாதம் வந்துவிட்டது. வேண்டாத இனத்தவர் உள்ளே வராமல் காக்க இயற்கையான தடையோ செயற்கையான தடையோ இருந்தால் நல்லது என்று அந்த நிர்வாகத்தின் கையேட்டிலேயே இருந்திருக்கிறது. சுவர் இன்றும் நிற்கிறது. ஒரு பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

அவள் கட்டுரையின் வாதமே இதுதான்: எல்லாரும் சிவப்பு வரைபடத்தைப் பார்க்கிறார்கள், உத்தரவாதம் தந்தவனையும் மறுத்தவனையும் பார்ப்பதில்லை. "ஆன்ட்டி, சொல்லில் சிவப்பு வந்தால் என் கட்டுரை எதிர்த்து எழுதுகிற தவறே தலைப்பில் உட்கார்ந்துவிடும்" என்கிறாள்.

ரங்கராஜன் எழுதியது:

கெட்டிக்காரப் பெண். இதைத்தானே நானும் சொன்னேன். மறுப்பு என்றே வையுங்கள். 'வட்டாரக் கடன்மறுப்பு'.

கதிர் எழுதியது:

ஆதரிக்கிறேன். நீளம்தான், ஆனால் தாத்தா திருச்செங்கோடு போக மாட்டார்.

யோகநாதன் எழுதியது:

சம்மதம், ஒரு குறையோடு. வீட்டுக் காப்பீடு மறுத்ததையும் ரெட்லைனிங் என்றே எழுதுகிறார்கள். அங்கே கடன் எங்கே வந்தது? புறமொதுக்கல் இரண்டுக்கும் பொருந்தியிருக்கும். சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

நான் சம்மதிக்கவில்லை. மறுப்பு என்பது விண்ணப்பத்துக்குக் கிடைக்கிற பதில். ஊரே சேர்ந்து, அரசு கையேடு போட்டு, சுவர் கட்டி வைத்ததை 'மறுப்பு' என்றால் வங்கி மேலாளர் ஒருவர் தலையாட்டியது போல் சுருங்கிவிடுகிறது. குறைந்தது அந்தச் சுவரையாவது தீண்டாமைச் சுவர் என்று எழுதலாமா என்று மாணவியிடம் கேளுங்கள் அக்கா.

மீனாட்சி எழுதியது:

கேட்டேன் செல்வி. இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றாள். நம்மிடம் இரண்டு நாள் இல்லை. இந்த மலரில் 'பிரிவினைச் சுவர்' என்றே போகிறது.

போகிற போக்கில் இன்னொன்று. வீட்டுப் பத்திரத்திலேயே 'வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது' என்று எழுதி வைத்த நிபந்தனையை 'இனத்தடை நிபந்தனை' என்று போட்டுவிட்டேன். 1948-இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்றங்கள் இதை அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது, சேர்த்து விசாரித்த வழக்குகளில் ஒன்று டெட்ராய்டிலிருந்து போனது. அதற்காக அவள் ஒரு பத்தி வைத்திருக்கிறாள். ஆட்சேபம் உண்டா?

ரங்கராஜன் எழுதியது:

பத்திர ஆபீசில் ஷரத்து என்பார்கள். நிபந்தனையும் சரிதான்.

மீனாட்சி எழுதியது:

பக்கம் போய்விட்டது. முதல் இடத்தில் 'ரெட்லைனிங் எனப்படும் வட்டாரக் கடன்மறுப்பு', பிறகு எல்லா இடத்திலும் கடன்மறுப்பு. எல்லாருக்கும் நன்றி. நான் தூங்கப் போகிறேன்.

புலவர் இளவழகன் எழுதியது:

பெரும்பான்மை வென்றது, வாழ்க. என் மறுப்பு குழுவின் ஆவணத்தில் இருக்கட்டும். மாணவி சொன்னதையும் படித்தேன். சிகாகோக்காரர்கள் எந்தப் படத்தையும் பார்க்காமலே கோடு என்று சொன்னார்கள் என்றால், கோடு உவமைதானே? உவமையைத் தமிழில் கொண்டுவருவதில் என்ன பிழை? செங்கோடிடல் என்ற சொல்லை இன்று மாலை இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுகிறேன்.

கதிர் எழுதியது:

மேற்கோள் இல்லாமல் ஏற்றினால் அதை நீக்கச் சொல்லும் குறிப்பை இடுவேன் ஐயா. இந்த இழையை மேற்கோளாகக் காட்டக் கூடாது.