மறு: ‘மடிவிரிப்பு’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

மண்டபத்திலிருந்து:

மென்பொருள் தமிழாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘புரோகிரசிவ் டிஸ்குளோஷர்’ என்பதற்கு ‘மடிவிரிப்பு’ என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதியிருந்தேன். நீங்களும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டீர்கள். அந்தச் சொல்லை இப்போது நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாம்பன் கரையில் அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: ஒரு மென்பொருளில் நூறு வசதி இருக்கலாம். அன்றாடம் வேண்டிய நாலைந்தை மட்டும் முதல் திரையில் வைத்து, மற்றதை ஒரு சொடுக்குக்குப் பின்னால் வைப்பதற்குத்தான் இந்தப் பெயர். அச்சு எடுக்கும்போது வரும் பெட்டியைப் பாருங்கள். எத்தனை படி, எந்தப் பக்கம் என்பது உடனே தெரியும். தாளின் ஓரம், அச்சின் அடர்த்தி எல்லாம் உள்ளே கிடக்கும். எதையும் எடுத்துவிடுவதில்லை. ஆளை மிரட்டாத வரிசையில் அடுக்குகிறோம், அவ்வளவுதான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நாட்டுப்படகுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த பார்களையும் (கடலடிப் பாறைத்திட்டுகள்) வலை சிக்கிக் கிழியும் இடங்களையும் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ள, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓர் அமைப்பு செய்துகொண்டிருக்கிறோம். நிலவரைபடத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த மென்பொருள் ஒரு கடல். நாங்கள் செய்த முதல் தப்பு, அந்தக் கடலை அப்படியே மடிக்கணினியில் திறந்துகொண்டு போய் ஒரு தண்டலுக்கு (படகோட்டும் தலைவர்) முன்னால் வைத்தது. மேலே மூன்று வரிசைக் கருவிப்பட்டை, இரண்டு பக்கமும் பலகங்கள். அவர் ஐம்பதைத் தாண்டியவர். படகில் தினமும் ஜிபிஎஸ் வைத்து ஓட்டுகிறவர், கருவிக்குப் புதியவர் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல நான் தொடக்கூடாதது எது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் மறைத்தோம். நகர்த்த, பெரிதாக்க, புள்ளி வைக்க, சேமிக்க என்று நாலே நாலு. புள்ளி வைத்தால் வரும் படிவத்திலும் ஆழம், தரை, தேதி மட்டும். ஆழத்தைப் பாகத்தில்தான் கேட்கிறோம். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர் என்ற கணக்கை மென்பொருளே உள்ளே போட்டுக்கொள்ளட்டும். தரைக்குச் சேறு, மணல், பார் என்று மூன்று. மீதிப் புலங்களெல்லாம் ஒரு மூடிய பெட்டிக்குள்.

அடுத்த முறை அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: “அண்ணே, மத்ததெல்லாம் மடிக்குள்ள இருக்கு. விரிச்சா வரும்.” என் மனதில் இருந்தது வேட்டி மடி. காசை முடிந்து வைத்திருப்போம், வெளியே தெரியாது, கை வைத்தால் கிடைக்கும். அவர் சிரித்தார். “மடியை விரிச்சா அடியில கெடக்கறதெல்லாம் வாரிட்டு வந்துரும்ல?”

இந்தக் கரையில் மடி என்றால் வலை. இழுவைமடி, இரட்டைமடி, சுருக்குமடி. இரண்டு விசைப்படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது இரட்டைமடி. அதற்கு எதிராக நாட்டுப்படகுக்காரர்கள் பல வருடமாக மறியலும் மனுவுமாக நிற்கிறார்கள். குஞ்சுமீன் முதல் பாசி வரை எதையும் விடாமல் அரித்து வரும் வலையின் பெயரை, நாலே நாலு பொத்தானைக் காட்டும் உத்திக்கு வைத்திருக்கிறேன்! வேட்டியைப் பற்றி விளக்கிப் பார்த்தேன். அவர் லுங்கியில் இருந்தார்.

மாற்றுச் சொல்லும் அங்கேயே கிடைத்தது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த இன்னொருவர், தலையை நிமிர்த்தாமல், “பாலம் மாதிரின்னு சொல்லுங்க” என்றார். பாம்பன் ரயில் பாலத்தைச் சொல்கிறார். சின்னப் படகுகள் பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். கப்பலோ பெரிய மிதவையோ வந்தால்தான் பாலத்தைத் தூக்குவார்கள். 1914-இல் வந்த பழைய பாலத்தில் ஆட்கள் கையால் சுற்றச் சுற்ற நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் மேலே எழும்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72 மீட்டர் நீளத் துண்டு மின்விசையில் நேராக மேலே போகிறது. இரண்டையும் ஊரில் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: பாலம் திறக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அதுதான். இயக்கம் மாறினாலும் சொல் மாறவில்லை. நம் உத்தியும் அப்படித்தான். ஓரிடத்தில் பெட்டி விரியும், இன்னோரிடத்தில் தனிச் சன்னல் வரும், கைபேசியில் அடுத்த பக்கத்துக்குப் போகும். மடிப்பது, விரிப்பது என்று பெயரிலேயே இயக்கத்தைக் கட்டிவிட்டால் பாதி இடத்தில் பொருந்தாது. ‘டிஸ்குளோஷர்’ என்பதை நேராக ‘வெளிப்பாடு’ என்றால் ஏதோ ரகசியத்தை விடுவது போல இருக்கிறது. ஆகவே: தேவைத்திறப்பு.

இன்னொன்று. மூடிய பெட்டியைத் திறக்கும் பொத்தானின் மேல் நாம் வழக்கமாக எழுதும் ‘மேம்பட்டவை’ (அட்வான்ஸ்டு). மூடிக் கிடப்பது மேம்பட்டது என்றால், நாலு பொத்தானோடு நிற்கிறவர் யார்? நாற்பது வருடம் கடல் ஓடியவருக்கு அதைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

*

கீழக்கரையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பியின் பாலம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாலம் திறக்கக் கப்பல்காரர் அனுமதிக்கு எழுதிப்போட்டு, ரயில் இல்லாத நேரம் பார்த்து, சில சமயம் நாள்கணக்கில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடப்பார். பயனரையும் அப்படிக் காக்கவைப்பதாக உத்தேசமா?

விளையாட்டு போகட்டும். யாருடைய தேவை என்று இந்தச் சொல் சொல்லவில்லை. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2000-த்தில் வந்த மெனுக்கள் ஞாபகம் இருக்கிறதா? நாம் எதை அடிக்கடி தொடுகிறோம் என்று பார்த்து, தொடாததைத் தானாக மறைத்துவிடும். நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று இரண்டாவதாக இருக்கும். அப்போது நான் கணினி மையம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு ‘மேலிருந்து நாலாவது’ என்று சொல்லிக்கொடுக்கவே முடியாது. ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு நாலாவது. 2007 பதிப்பில் அந்த மெனுக்களே போய், கருவிகளைப் பட்டையாக அடுக்கும் ரிப்பன் வந்தது. அந்தப் பழைய மெனுவும் ‘தேவை’ பார்த்து மறைத்ததுதான். அதற்கும் இதற்கும் ஒரே பெயரா?

ஐபிஎம்மில் ஆய்வாளர் ஜான் கரோலின் ஆட்கள் 1984-இல் செய்தது வேறு மாதிரி. ஒரு சொற்செயலியில் புதியவர்கள் போய் மாட்டிக்கொள்ளும் கட்டளைகளை மெனுவில் அப்படியே தெரியவிட்டு, இயங்காமல் மட்டும் அடைத்து வைத்தார்கள். சின்னப் பிள்ளை சைக்கிளில் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தும் சக்கரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். புதியவர்கள் தடுமாற்றம் குறைந்து சீக்கிரம் வேலையைத் தொடங்கினார்கள். அங்கே எதுவும் இடம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

என் ஓட்டு இன்னும் ‘படிப்படி வெளிப்பாடு’க்குத்தான். கேட்டவுடன் மாணவருக்குப் புரிகிறது.

*

தொண்டியிலிருந்து:

என் அம்மா பக்கம் இலங்கையின் மன்னார். அவர்களுக்குத் திறப்பு என்றால் சாவி. ‘தேவைத்திறப்பு’ என்றால் “எந்தப் பெட்டிச் சாவி?” என்று கேட்பார்கள். தடையாகச் சொல்லவில்லை, அக்கரையிலும் நம் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் சொல்கிறேன். சாவி என்று எடுத்தாலும் பொருள் கெடவில்லை என்பது என் எண்ணம்.

சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் யாராவது நடுவில் வரும் ‘த்’ என்ற ஒற்றை விட்டுவிடுவார்கள், ‘தேவை திறப்பு’ என்று விளம்பரப் பலகை மாதிரி ஆகிவிடும். பொத்தானுக்கு ‘மேலும்’ போதும்.

*

மண்டபத்திலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன ஆபீஸ் மெனு எனக்கு உறைத்தது. அதற்குத் தனிப் பெயரே வைத்துவிடுவோம். கருவி தானாக ஊகித்து மறைப்பது ‘ஊகமறைப்பு’. ஆள் கேட்டால் மட்டும், எப்போதும் ஒரே இடத்தில் திறப்பது ‘தேவைத்திறப்பு’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருடைய தேவை என்ற கேள்வி வராது என்று நினைக்கிறேன்.

‘படிப்படி’யையும் வீணாக்க வேண்டாம். மென்பொருள் நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று ஒவ்வொரு திரையாக நடத்திக்கொண்டு போகிறதே, அதற்கு அது கச்சிதம். அங்கே எல்லாரும் எல்லாப் படியையும் ஏறியாக வேண்டும். நம்முடையதில் ஒருவர் கடைசிவரை பெட்டியைத் திறக்காமலே இருக்கலாம். அந்தத் தண்டல் இதுவரை திறக்கவில்லை. முப்பது பாருக்கு மேல் குறித்துவிட்டார்.

காத்துக் கிடப்பது பற்றி: நியாயமான அடி, வாங்கிக்கொண்டேன்.

பொத்தானில் ‘மேலும்’, ‘கூடுதல்’ இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படகுக்காரர்கள் ஓய்வாக இருக்கும்போது காட்டலாம் என்று இருக்கிறேன். ‘மேம்பட்டவை’ போய்விட்டது. மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘மடிவிரிப்பு’ வந்த இடங்களையும் மாற்றிவிட்டேன். உதவிப் பக்கங்களில் எங்காவது ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்; கண்ணில் பட்டால் வரி எண்ணோடு எழுதுங்கள்.