காற்றிலும் மழையிலும் உள்ள அமிலத்தைப் பிடித்து அளந்தவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆய்வு மாணவர், ஏற்காடு:
காற்றில் ஃபார்மிக் அமிலமும் (எறும்பு அமிலம்) அசிட்டிக் அமிலமும் (வினிகரின் புளிப்பு) இருக்கிறது என்றால் இங்கே எஸ்டேட்டில் சிரிக்கிறார்கள். அளவு அப்படி: நூறு கோடி மூலக்கூறுக்கு ஒன்றிரண்டு தேறினால் பெரிது. ஆனால் செயற்கைக்கோள் தரவை வைத்து 2012இல் வந்த ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் ஃபார்மிக் அமிலம் வளிமண்டலத்தில் சேர்வதாகவும், பெரும்பங்கு காடுகள் வழியாக வருவதாகவும் கணக்கிட்டது. மரங்கள் விடும் ஐசோப்ரீன் என்ற வாயு வெயிலில் சிதைந்து அமிலமாகிறது.

சிக்கல் என்னவென்றால், இது கண்டதிலெல்லாம் ஒட்டும். காற்றை உள்ளே இழுக்கும் குழாய் நீளமாக இருந்தால் சுவரிலேயே தங்கிவிட்டு, அப்புறம் மெல்ல வெளியேறி அடுத்த அளவீட்டைக் கெடுக்கும். அதனால் டெஃப்லான் குழாய், அதுவும் ஒரு முழத்துக்குள். உள்ளே காரம் பூசிய கண்ணாடிக் குழாயில், அதாவது டெனூடரில், காற்றைச் செலுத்தினால் வாயு சுவரில் பிடிபடும், தூசித் துகள் நேரே போய்விடும். டெனூடரைக் கழுவிய நீரை, கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃபில் ஏற்ற வேண்டும். ஓசோன் இருந்தால் காற்றிலுள்ள ஃபார்மால்டிஹைடு வாயுவும் அந்தக் காரத்தில் ஃபார்மேட்டாக (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) மாறி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். பின்னால் இன்னொரு டெனூடர் வைத்து அந்தப் பொய்க் கணக்கைக் கழிக்கிறோம்.

விடியலில் காப்பிச்செடி இலையெல்லாம் பனித்துளி. வாயு அதில் கரைந்துவிடுவதால் எண் அடிமட்டத்தில் கிடக்கும். வெயில் ஏறி இலை காய்ந்தால் ஏறும், மதியத்துக்கு மேல் உச்சம். நடுவில் மேகம் இறங்கினால் சரி, மறுபடி சரிவு.

மழைநீர் சேகரித்தவர், சேலம்:
மழைநீர் இன்னும் மோசம். பாட்டிலில் பிடித்துச் சும்மா வைத்தால் பாக்டீரியா ஃபார்மேட்டையும் அசிட்டேட்டையும் தின்று தீர்த்துவிடும். பிடித்த கையோடு சில துளி குளோரோஃபார்ம் விட்டு ஐஸ் பெட்டியில் போட்டுத்தான் மலையிறக்குவோம். பஸ்ஸில் ஒரு கண்டக்டர், “என்ன சார், பெட்டியில ஆஸ்பத்திரி வாசனை?” என்று விசாரித்தார். மீன் வாங்கிப் போகிறேன் என்றிருந்தால் பேசாமல் விட்டிருப்பார்.

சேகோ ஆலைப் பக்கத்துக்காரர், ஆத்தூர்:
எங்கள் ஊரில் கருவியே வேண்டாம், மூக்கு போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் மரவள்ளிக் கழிவுநீர் புளிக்கும்போது வருவதில் மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் பியூட்டிரிக் அமிலம். அது துளியூண்டு இருந்தாலே நாறும். அசிட்டிக் அதைவிட அதிகம் இருந்தும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். இன்னொன்று, மாமரத்தடியில் கருவி வைக்காதீர்கள். முசுறு எறும்பின் கூடு கலைந்தால் அதுவே ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். அண்ணா, டெனூடரில் என்ன பூசுகிறீர்கள்?

ஆய்வு மாணவர், ஏற்காடு:
சோடியம் கார்பனேட், கூடவே கொஞ்சம் கிளிசரால். ஆத்தூர் வெயிலில் கிளிசராலை விட்டுவிடாதீர்கள், பூச்சில் ஈரம் நிற்க வேண்டும்.