ஸ்டாட்டிக் ரூட் போட்டும் காட்டேஜ் கேமரா ரெக்கார்டர் வீட்டிலிருந்து திறக்கவில்லை (ஏற்காடு)

நாகலூர் தோட்டம்:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. குடியிருக்கும் வீடு மேட்டில். சரிவில் கொஞ்சம் இறங்கினால் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் காட்டேஜ். நடுவில் சில்வர் ஓக்கும் அதில் ஏற்றிய மிளகுக் கொடியும் அடைத்துக்கொண்டு நிற்பதால் வீட்டு வைஃபை அங்கே எட்டாது. அதனால் லேன் வயர் இழுத்திருக்கிறோம், எழுபது மீட்டருக்குள் இருக்கும்.

வீட்டில் ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியின் முகவரி 192.168.1.1. அங்கிருந்து போகும் வயர் காட்டேஜில் நான் வாங்கி வைத்த ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைப்பு உள்ளே வரும் துளையில், சொருகியிருக்கிறது. அந்த ரவுட்டருக்கு வீட்டுப் பக்கம் 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்துவிட்டேன். காட்டேஜுக்குள் எல்லாம் 192.168.2 வரிசை. கேமரா ரெக்கார்டர் 192.168.2.10.

காட்டேஜ் வரிசைக்குப் போவதை எல்லாம் காட்டேஜ் ரவுட்டரிடம் கொடு என்று வீட்டுப் பெட்டியின் ரூட்டிங் பக்கத்தில் நான் கையால் சேர்த்த வழி, அதாவது ஸ்டாட்டிக் ரூட், இது:
டெஸ்டினேஷன் 192.168.2.0
சப்நெட் மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.1.2

ஆனாலும் வீட்டு லேப்டாப்பில் ரெக்கார்டர் திறக்க மாட்டேன் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், காட்டேஜில் உட்கார்ந்து வீட்டு பிரிண்டருக்குக் கட்டளை கொடுத்தால் ஒழுங்காகப் பிரிண்ட் வருகிறது. ஒரு பக்கம் மட்டும் வழி எப்படித் திறக்கும்?

அஸ்தம்பட்டி வயர்மேன்:
ரூட்டே வேண்டாம் சார். காட்டேஜ் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள், வயரை வேன் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் போடுங்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும். ஐந்து நிமிட வேலை.

குகை:
வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு வருபவர்களுடைய போனும் இவர் வீட்டு லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில் வந்து உட்காரும். காட்டேஜுக்கு அது சரிப்படாது.

தோட்டக்கார அண்ணா, வீட்டு லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து 192.168.2.10-க்கு டிரேஸ்ரூட் (எந்தெந்த ரவுட்டரைத் தாண்டிப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டு, என்ன வரிகள் வருகின்றன என்று சொல்லுங்கள். ரூட் போகிறதா, போய் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

நாகலூர் தோட்டம்:
முதல் வரி 192.168.1.1. இரண்டாவது 192.168.1.2. அதற்குப் பிறகு வெறும் நட்சத்திரக் குறிதான் வந்துகொண்டே இருக்கிறது.

குகை:
அப்படியானால் உங்கள் ஸ்டாட்டிக் ரூட்டில் பிழையே இல்லை. அதைத் தொடாதீர்கள். பாக்கெட், அதாவது லேப்டாப் அனுப்பும் தகவல் பொட்டலம், காட்டேஜ் ரவுட்டரின் வாசல் வரை போய்விட்டது. உள்ளே விடாதது அந்த ரவுட்டர்தான்.

வீட்டு ரவுட்டர் எதுவாக இருந்தாலும் வேன் போர்ட் பக்கம் வருவதை எல்லாம் வெளி உலகம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். உள்ளிருந்து ஒருவர் கேட்டதற்குப் பதிலாக வந்தால் விடும், வெளியிலிருந்து புதிதாக வந்து தட்டினால் விடாது. உங்கள் அமைப்பில் அதற்கு ‘வெளி உலகம்’ என்பது உங்கள் வீடு. காட்டேஜிலிருந்து பிரிண்டருக்குப் போகும்போது அந்த ரவுட்டர் நேட் (அனுப்புபவரின் முகவரியை மாற்றுவது) செய்து, 192.168.1.2 என்ற தன் முகவரியை ஒட்டி அனுப்புகிறது. பிரிண்டர் அதை வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவி என்று நினைத்துப் பதில் கொடுக்கிறது. ஒரு வழி மட்டும் திறந்திருப்பது அதனால்தான்.

இதற்கு நேரடி வைத்தியம், காட்டேஜ் ரவுட்டரில் நேட்டை அணைத்து, வேன் பக்கத்து ஃபயர்வாலில் (எதை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்) 192.168.1 வரிசைக்கு அனுமதி கொடுப்பது. அப்போது உங்கள் ரூட் உயிர் பெறும். ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நேட்டை அணைத்தபின் காட்டேஜ் போன்கள் 192.168.2 முகவரியோடே வீட்டுப் பெட்டிக்கு வரும். இணைப்போடு கொடுக்கும் பெட்டிகளில் சில, தன் சொந்த லேன் வரிசைக்கு மட்டுமே நேட் செய்து இணையத்துக்கு அனுப்பும். உங்களுடையது அந்த ரகம் என்றால் காட்டேஜில் நெட்டே வராது. தவிர, விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் நேட்டை அணைக்கும் வசதியே இருக்காது.

அதை விடுங்கள். நீங்கள் கேட்காத விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. காட்டேஜிலிருந்து உங்கள் பிரிண்டர் வரை போக முடிகிறது என்றால், அங்கே தங்கும் யாரும் போகலாம். உங்கள் லேப்டாப்பில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர், வீட்டு டிவி, 192.168.1.1-ன் லாகின் பக்கம் வரை எல்லாம் அவர்கள் கைக்கு எட்டும். இரண்டாவது ரவுட்டர் வைத்ததால் பிரித்துவிட்டோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காட்டேஜை உங்களிடமிருந்து காக்கிறது, உங்களைக் காட்டேஜிடமிருந்து காக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை:
நேட்டைத் தொடாமலேயே ஆகும். காட்டேஜ் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட் எண்ணுக்கு வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்புவது) பக்கத்தில் 8080-ஐ 192.168.2.10-ன் 80-க்குத் திருப்பிவிட்டு, வீட்டில் 192.168.1.2:8080 என்று அடியுங்கள். ரெக்கார்டரின் இணையப் பக்கம் வரும். மொபைல் ஆப்புக்கு வேறு போர்ட் இருக்கும், ரெக்கார்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் பார்த்து அதையும் சேர்க்க வேண்டும்.

குகை:
அதுவும் சரிதான். ஆனால் ரெக்கார்டர் விருந்தினர் பக்கமே இருக்கும். நானாக இருந்தால் காட்டேஜில் வயர் வந்து இறங்கும் இடத்தில் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வைப்பேன். வயர் முதலில் ஸ்விட்சுக்கு. அங்கிருந்து ஒன்று ரெக்கார்டருக்கு, இன்னொன்று விருந்தினர் ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு. ரெக்கார்டருக்கு 192.168.1.10 கொடுத்துவிட்டால் அது வீட்டு நெட்வொர்க்கைச் சேர்ந்தது. கேமரா பார்க்க ரூட் எதுவும் வேண்டாம். அந்த ஸ்விட்சை மட்டும் பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது தன் லேப்டாப்பை அதில் சொருகிவிடுவார்கள்.

ஏற்காடு அடிவாரம்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே திறந்த வெளியில் செம்பு லேன் வயரா? மலையில் கோடை மழை இடியோடுதான் வரும். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே அந்த வயர் வழியாக இரண்டு பக்கத்துப் போர்ட்டும் கருகிப் போகும். ஃபைபர் வயரும் இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டரும் (செம்பு வயர் சிக்னலை ஒளியாக மாற்றும் பெட்டி) போட்டால் மின்சாரம் தாண்ட வழியில்லை. சித்திரைக்குள் மாற்றிவிடுங்கள்.

நாகலூர் தோட்டம்:
குகை அண்ணா, ஸ்விட்ச் வைத்தாயிற்று. வீட்டில் ரெக்கார்டர் உடனே திறந்தது. ரூட்டையும் எடுத்துவிட்டேன். ஃபைபர் வயருக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். விருந்தினர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் எப்படித் தடுப்பது? சேலத்துக்கு இறங்கி வந்தால் போனில் கேமரா பார்க்க வீட்டுப் பெட்டியில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன், அது வேலை செய்யவில்லை. பெட்டியின் வேன் முகவரி 100.72 என்று ஆரம்பிக்கிறது.

கொண்டலாம்பட்டி:
இரண்டாவதற்குப் பதில் அந்த 100.72-லேயே இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் இணையத்தில் நேரே எட்டக்கூடியவை அல்ல. ஐபி முகவரி பஞ்சத்தைச் சமாளிக்க, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் நிறுவனங்களுக்காக 2012-ல் ஒதுக்கியது. உங்கள் பெட்டிக்கு மேலே நிறுவனமே இன்னொரு நேட் செய்கிறது. நீங்கள் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருபவர் அந்த நேட்டிலேயே நின்றுவிடுவார். போட்ட ஃபார்வர்டிங்கை அழித்துவிடுங்கள்.

மூன்று வழி உண்டு. காசு கட்டி நிலையான பொது ஐபி கேட்டு வாங்கலாம். ரெக்கார்டர் கம்பெனியின் ஆப்பில் கியூஆர் ஸ்கேன் செய்து அவர்கள் சர்வர் வழியாகப் பார்க்கலாம். அல்லது எப்போதும் ஓடும் ஒரு கணினி வீட்டில் இருந்தால் டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு மட்டுமான தனி வழி) போடலாம். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே எடுக்கிறார்கள். எதுவானாலும் ரெக்கார்டரோடு வந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

குகை:
முதல் சந்தேகத்துக்கு: விருந்தினர் ரவுட்டரில் ஆக்சஸ் கண்ட்ரோல் என்றோ ஐபி ஃபில்டர் என்றோ ஒரு பக்கம் இருக்கும். அதில் லேனிலிருந்து 192.168.1.0, மாஸ்க் 255.255.255.0 நோக்கிப் போவதை எல்லாம் தடு என்று ஒரு விதி போடுங்கள். இணையத்துக்குப் போகும் பாக்கெட் வீட்டுப் பெட்டி வழியாகத்தான் போகிறது, ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் சேருமிடம் வெளியில் உள்ள முகவரி. அதனால் விதியில் சிக்காது.

நாகலூர் தோட்டம்:
போட்டேன். பிரிண்டர் மறைந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் காட்டேஜில் வைஃபை இணைந்தபடி இருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. வெளியில் உள்ள 8.8.8.8-க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது.

குகை:
பிங் போகிறது, பெயர் சொன்னால் வழி தெரியவில்லை என்றால் டிஎன்எஸ்தான், அதாவது தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை. அந்த ரவுட்டர் போன்களுக்கு டிஎன்எஸ் என்று 192.168.1.1-ஐக் கொடுத்திருக்கும், அதை நாம் இப்போது அடைத்துவிட்டோம். டிஹெச்சிபி (போன்களுக்கு முகவரி வழங்கும்) பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றிச் சேமித்துவிட்டு, போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள்.

நாகலூர் தோட்டம்:
வந்துவிட்டது. 192.168.1.1 அடித்துப் பார்த்தேன், காட்டேஜிலிருந்து திறக்கவில்லை. ஊருக்கு இறங்கும்போது ஆப்பில் பார்த்துக்கொள்கிறேன், வீட்டில் எப்போதும் ஓடும் கணினி எதுவும் இல்லை. உதவிய எல்லோருக்கும் நன்றி.