எஃப்.எஃப்.ஏ. ஊசி போட்டதும் குமட்டல்: முன்கூட்டியே என்ன செய்யலாம்?

கேள்வி (தண்டையார்பேட்டை):
அம்மாவுக்கு 61 வயசு, சுகர். விழித்திரைக்கு மறுபடியும் எஃப்.எஃப்.ஏ. (கை நரம்புல மஞ்சள் மருந்து ஏத்தி, விழித்திரை ரத்தக்குழாயைப் படம் எடுக்கிற பரிசோதனை) எழுதியிருக்காங்க. போன தடவை மஞ்சள் மருந்து ஏறினதும் வாந்தி வந்து, படம் பாதியிலேயே நின்னுபோச்சு. வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகலாமா? மாத்திரை எதாவது உண்டா?

பதில் 1:
போன தடவை வாந்தி வந்ததை ஊசி குத்துறதுக்கு முன்னாடியே சொல்லி, ஃபைல்லயும் எழுத வைங்க. வழக்கமா 20% மருந்து 3 மில்லி, இல்லேன்னா 10% மருந்து 5 மில்லி போடுவாங்க. குமட்டல் அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள வரும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். மெதுவா ஏத்தச் சொல்லிக் கேளுங்க. அப்படி ஏத்தினா ஆரம்பப் படங்கள் கொஞ்சம் மங்கும். ஆனா சுகர் கண்ணுல முக்கியமாப் பார்க்கிற கசிவும் ரத்தம் ஓடாத இடமும் பிந்தின படங்கள்லயும் தெரியும். அதனால நஷ்டம் பெருசு இல்ல. முதல்ல சலைன் விட்டு நரம்பைச் சரிபார்க்கணும். மருந்து வெளியே கசிஞ்சா கை கடுமையா எரியும், உடனே சொல்லணும்.

பதில் 2:
சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துட்டுப் பட்டினி வேண்டாம். சுகர் இறங்கி வர்ற மயக்கத்தையும் மருந்துக் குமட்டல்னு நினைச்சிடுவாங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி போதும், வடை வேண்டாம்.

டாக்டர் எழுதினா வாந்தியைத் தடுக்கிற ப்ரோமெதசின் மாத்திரை 25 மி.கி. ஒரு மணி நேரம் முன்னாடி. தூக்கம் வரும், கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்தால பார்வையும் மங்கும். அதனால பைக் பின்னாடி உட்கார வைக்காதீங்க, ஆட்டோ பிடிங்க. க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா முன்னாடியே சொல்லுங்க. இன்னொரு வாந்தி மாத்திரையான ஆன்டான்செட்ரான்ல தூக்கம் குறைவு, இதயத்துடிப்புக் கோளாறு இருக்கிறவங்களுக்கு மட்டும் கவனம்.

சி.டி. ஸ்கேன் மருந்து மாதிரி இந்த மஞ்சள் மருந்துல அயோடின் கிடையாது. அதனால சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்த வேண்டாம்.

பதில் 3:
குமட்டல் வந்தா வாயால மெதுவா மூச்சு விடட்டும், தட்டு கையெட்டுற இடத்துல இருக்கட்டும். அடங்கினதும் நெற்றியைத் திரும்பக் கேமராவோட நெற்றிப் பட்டையில வச்சா, 5, 10 நிமிஷப் படங்களை எடுத்துடலாம். பரிசோதனையை அப்படியே விட்டுட வேண்டாம்.

அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல் இதெல்லாம் வேற விஷயம், ஒவ்வாமை. நொடி தாமதிக்காம சொல்லணும். தோல் மஞ்சளாவது சில மணி நேரம், சிறுநீர் ஆரஞ்சா போறது ஒரு நாள் வரைக்கும். அதுக்குப் பயப்பட வேண்டாம்.

ஊசி இல்லாத ஓ.சி.டி. ஆஞ்சியோ போதுமான்னும் டாக்டரைக் கேளுங்க. அதுல ரத்தக்குழாய் தெரியும், கசிவு தெரியாது.