ஹாஸ்டல் மேசையில் பெட்டா: எந்தத் தொட்டி வாங்கலாம்?

வணக்கம். ஹாஸ்டல் அறையில் ஒரு பெட்டா மீன் வளர்க்க ஆசை. மீன் இன்னும் வாங்கவில்லை, தொட்டிதான் முதலில். மேசை ஓரத்தில் 45 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம் இடம் இருக்கிறது.

பெட்டா மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் சின்னக் கிண்ணமே போதும் என்கிறான் அறைத்தோழன். எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீர் குறைந்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு சட்டென்று ஏறிவிடுமே! 20 லிட்டராவது வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. கண்ணாடி, மணல் எடை தனி. மேசையின் ஒரு கால் ஏற்கெனவே ஆடுகிறது, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். தரையில் வைத்தால் யாராவது காலால் இடிப்பார்கள்.

நீளமான தொட்டியா, உயரமான சதுரத் தொட்டியா? நீளம்தான் நல்லது என்று படுகிறது, மேலே வந்து போகச் சிரமம் இருக்காது. துள்ளிக் குதிக்கும் மீன் என்பதால் மூடி கட்டாயம். அப்புறம் ஃபில்டர்: காற்று பம்பால் தண்ணீரைப் பஞ்சு வழியே இழுத்துச் சுத்தம் செய்யும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டால், அந்தப் பம்பின் இரைச்சலில் தூங்க முடியுமா? பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் கொசு சத்தத்துக்கே எழுந்துவிடுவான்.

சிறிய அறையில் வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.