கருக்கலைப்பு தவறு என்று நம்புபவர், அதைத் தடைசெய்யும் சட்டத்தை எதிர்க்கலாமா?

கேள்வி:
கருவுற்ற கணத்திலிருந்தே அந்த உயிர் இறைவனுடையது என்னும் என் சமயத்தின் போதனையை முழுமையாக ஏற்றவள் நான்; எனக்கு அப்படியொரு நிலை வந்தால் கருக்கலைப்புக்கு உடன்பட மாட்டேன். ஆயினும், என் சமயத்தைச் சேராத ஒரு பெண்ணைச் சட்டத்தின் துணைகொண்டு அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்னால், உடன் வழிபடுவோர் என்னைக் கோழை என்கின்றனர். சமயப்பற்றற்ற நண்பர்களோ, உள்ளூர நான் அப்பெண்களைக் குற்றவாளிகளாகவே பார்ப்பதாகக் கருதுகின்றனர். என் நிலைப்பாடு தருக்கத்துக்குப் பொருந்துகிறதா, அல்லது இரு தரப்பையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்க நான் தேடிக்கொண்ட சாக்கா?

மறுமொழி 1:
உங்கள் நிலைப்பாட்டுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த மரியோ குவோமோ, 1984ஆம் ஆண்டு நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கத்தோலிக்கராகத் தம் திருச்சபையின் போதனையை ஏற்பதாகவும், பல சமயத்தார் வாழும் நாட்டில் பரவலான உடன்பாடு இல்லாமல் அதைச் சட்டமாக்குவது சரியன்று என்றும் வாதிட்டார். பாவம் என்று நாம் கருதும் அனைத்தையும் குற்றம் என்று அரசு அறிவிக்க வேண்டும் என எந்த நம்பிக்கையாளரும் கேட்பதில்லை. இறைமறுப்பைவிடப் பெரிய பாவம் பல சமயங்களில் இல்லை, அதற்காக யாரையும் சிறையில் அடைக்கச் சொல்கிறோமா?

மறுமொழி 2:
குவோமோவின் வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. இறைமறுப்பால் மூன்றாம் மனிதருக்குத் தீங்கில்லை. கருவையோ கேள்வி கேட்டவர் ஓர் உயிராகவே கருதுகிறார். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர், "நான் அடிமை வைத்துக்கொள்ள மாட்டேன், பிறர் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம்" என்று நின்றுவிடவில்லை. சமய நம்பிக்கையோடுதான் சட்டத்தை மாற்றப் போராடினார்கள். ஆகவே "இது என் தனிப்பட்ட நம்பிக்கை" என்று சொல்வது மட்டும் போதாது. இந்த நம்பிக்கையைப் பிறர்மீது ஏன் சுமத்தக் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மறுமொழி 3:
அந்தக் காரணம் சமயங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. அடிமையும் மனிதரே என்பதை அவரிடம் பேசிப் பார்த்தே அறியலாம். கருவுக்கு மனித உயிரின் முழுத் தகுதி எப்போது வருகிறது என்பதிலோ ஆழ்ந்த இறைப்பற்று உடையவர்களே ஒன்றுபடவில்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் 120ஆம் நாளில் ஆன்மா ஊதப்படுவதாகக் கொண்டனர். அவர்களுள்ளும் அதற்கு முந்தைய கருக்கலைப்பைச் சிலர் அனுமதித்தனர், மாலிக்கி என்னும் இஸ்லாமியச் சட்ட மரபினர் பெரும்பாலும் மறுத்தனர். யூதர்களின் பழஞ்சட்டத் தொகுப்பான மிஷ்னா, பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், குழந்தையின் உடலில் பெரும்பகுதி வெளிவரும்வரை தாய்க்கே முன்னுரிமை தருகிறது. கருக்கலைப்பைப் பாவம் என்றே கொண்ட இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ்கூட, பகுத்தறியும் ஆன்மா கருவுற்ற கணத்திலேயே வருவதாகக் கருதவில்லை. எனவே, கருவுற்ற கணத்திலிருந்தே முழுத் தடை விதிக்கும் சட்டம், நம்பிக்கையற்றவர்களை மட்டுமல்லாது வேறு விதமாக நம்புபவர்களையும் கட்டுப்படுத்துகிறது.

உங்கள் சொந்த மனச்சான்றுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், மனச்சான்று இடந்தராத மருத்துவப் பணியாளர் அச்சிகிச்சையில் பங்கேற்க மறுக்க உரிமை தருகிறது. தாயின் உயிரைக் காக்கவோ, அவருக்கு நிரந்தரமான கடும் பாதிப்பு நேராமல் தடுக்கவோ அது தேவைப்படும்போது மட்டும் அவர் மறுக்க முடியாது. மறுக்கும் உரிமையும் கருக்கலைப்புக்கான அனுமதியும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
வேறு விதமாக நம்புபவர்களைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. மறுமொழி 2 கேட்ட காரணம் எனக்கு இங்கே கிடைக்கிறது. ஆனால், வாக்கெடுப்பு என்று வந்தால், அயர்லாந்தில் 2018ஆம் ஆண்டு நடந்ததைப் போல, தடையை நீக்குவதற்கு நான் என் கையாலேயே வாக்களிக்க வேண்டியிருக்குமே?

மறுமொழி 1:
பெல்ஜிய மன்னர் போதுவான் இதே சிக்கலில் 1990ஆம் ஆண்டு அகப்பட்டார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய கருக்கலைப்புச் சட்டத்தில் கையொப்பமிட அவர் மனச்சான்று இடந்தரவில்லை; அமைச்சரவை அவரை ஆட்சி செய்ய இயலாதவராக அறிவித்து, தானே கையொப்பமிட்டது; மறுநாளே நாடாளுமன்றம் அவருக்கு அதிகாரத்தைத் திருப்பியளித்தது. சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆயினும் கையொப்பத்தைப் பிறர் தலையில் கட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வாக்களிப்பது கருக்கலைப்பு நல்லது என்பதற்காக அன்று. அந்த முடிவை யார் எடுக்க வேண்டும் என்பதற்காக. வாக்குச்சீட்டு கேட்பதும் அதை மட்டுமே.